குழு சிகிச்சைக்குப் போகச் சொல்கிறார்கள்: டர்பனில் யாராவது போயிருக்கிறீர்களா?

கேள்வி: மதுரைக்காரி, சாட்ஸ்வொர்த்

வணக்கம். எனக்கு 43 வயது. மதுரையில் பிறந்தவள், கல்யாணமாகி டர்பனுக்கு வந்து பதினாறு வருடம் ஆகிறது.

2021 மே மாதம் அம்மா கொரோனாவில் போய்விட்டார். என்னால் போக முடியவில்லை. கொள்ளி வைப்பதை அண்ணன் மகன் கைப்பேசியில் காட்டினான், பாதியில் இணைப்பு அறுந்துவிட்டது. அடுப்பில் வைத்திருந்த பால் பொங்கி வழிந்தது. அதைத் துடைத்துவிட்டு மதியச் சமையலைப் பார்த்தேன். அன்று ஒரு சொட்டுக் கண்ணீர் வரவில்லை. வந்தது இரண்டு வருடம் கழித்து. அம்மா கடைசியாகக் கொடுத்தனுப்பிய ரசப்பொடி டப்பா அலமாரியில் திறக்காமலே இருக்கிறது. ஒருநாள் அதை எடுத்துத் தூசி தட்டினேன். அன்றைக்கு ஆரம்பித்தது இன்னும் நிற்கவில்லை. இரவில் இரண்டு மணி நேரம் தூங்கினால் அதிகம்.

அரசு மருத்துவமனையில் மாத்திரை கொடுத்தார்கள், தூக்கம் கொஞ்சம் பரவாயில்லை. தனியாக உளவியலாளரைப் பார்க்கப் பல மாதம் காத்திருக்க வேண்டுமாம். அதனால் அங்கிருக்கும் சமூகப் பணியாளர், "ஒரு குழுவில் சேருங்கள்" என்று ஒரு தாளைக் கொடுத்தார். அதில் ஆதரவுக் குழு, திறன் பயிற்சிக் குழு, உறவுமுறைக் குழு என்று மூன்று பெயர் இருக்கிறது. எது என்ன என்று எனக்குப் புரியவில்லை.

மாமியார் நல்லவர். மாரியம்மனுக்குக் கூழ் ஊற்றச் சொன்னார், ஊற்றினேன். அம்மன்மேல் எனக்குக் குறையில்லை. கணவர், "நானே காரில் கொண்டுபோய் விடுகிறேன், அம்மாவிடம் மட்டும் சொல்லாதே" என்கிறார். சாட்ஸ்வொர்த் எப்படிப்பட்ட இடம் என்று உங்களுக்குத் தெரியும். இந்தத் தெருவில் தும்மினால் அடுத்த தெருவில் "நூறு வயது" என்பார்கள். நான் அங்கே சொல்வது வெள்ளிக்கிழமை கோயிலுக்கு எனக்கு முன்னால் போய்ச் சேர்ந்துவிடாதா?

இன்னொன்று. கடையில் பேசுமளவுக்கு ஆங்கிலம் வரும். அழுவதற்கு எனக்கு ஆங்கிலம் தெரியாது.

யாராவது போயிருந்தால் உள்ளதை உள்ளபடி சொல்லுங்கள்.

பதில்: வெருலம் தம்பி

அக்கா, எங்கள் கோயில் பஜனைக்கு வாருங்கள். அதுவும் ஒரு குழுதான். காசும் கேட்கமாட்டார்கள், தாளும் நிரப்பச் சொல்லமாட்டார்கள். பாடிவிட்டுச் சுண்டல் சாப்பிட்டுவிட்டு வந்தால் மனம் லேசாகும்.

பதில்: பழைய ஸ்டியரிங்

மகளே, நேற்று இரவே படித்துவிட்டேன். பதில் எழுத ஒரு நாள் ஆயிற்று, என் விரல் அவ்வளவு மெதுவானது. நான் இங்கேயே பிறந்தவன். மாலைப்பள்ளியில் கற்ற தமிழை ஊர்ப் பத்திரிகைகள் படித்துப் படித்துக் காப்பாற்றி வைத்திருக்கிறேன். என் பேரப்பிள்ளைகளுக்குத் தமிழில் சோறும் தண்ணீரும்தான் தெரியும். பிழை இருந்தால் பொறுத்துக்கொள்.

நான் 31 வருடம் பஸ் ஓட்டியவன். சாட்ஸ்வொர்த்திலிருந்து ஹிக்கின்சன் நெடுஞ்சாலை வழியாக நகரத்துக்கு, விக்டோரியா தெரு மார்க்கெட் பக்கம்வரை. 2006இல் ஒரு மழை நாளில் ஒரு பையன் பஸ்ஸுக்கு முன்னால் ஓடிவந்துவிட்டான். என்மேல் குற்றமில்லை என்று விசாரணையில் எழுதிக் கொடுத்தார்கள். அந்தத் தாளை இன்னும் வைத்திருக்கிறேன். தாளால் எனக்குத் தூக்கம் வரவில்லை. பிராந்தியால் வந்தது. மிச்சத்தை நீயே ஊகித்துக்கொள்.

அதன்பிறகு மூன்று விதமான குழுக்களில் உட்கார்ந்திருக்கிறேன். எல்லாவற்றையும் "குழு" என்றே சொல்கிறார்கள். மீன்குழம்பையும் பாயசத்தையும் "சாப்பாடு" என்று சொல்வதுபோலத்தான்.

முதலாவது குடியை விட நினைப்பவர்களின் சங்கம், ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ். 1935இல் அமெரிக்காவில் அக்ரன் என்ற ஊரில் இரண்டு குடிகாரர்கள் ஆரம்பித்தது, நம் தென்னாப்பிரிக்காவுக்கு 1946இல் வந்தது. ஒரு தேவாலயத்தின் பின்கூடத்தில் பிளாஸ்டிக் நாற்காலி போட்டிருக்கும், ரஸ்க்கும் தேநீரும் கிடைக்கும். நடத்துவதற்கு மருத்துவர் யாரும் கிடையாது, எல்லோரும் அடிபட்டவர்களே. கட்டணம் இல்லை. காணிக்கைப் பை சுற்றி வரும், இருந்தால் போடலாம். ஒருவர் பேசும்போது மற்றவர் குறுக்கிட மாட்டார்கள், புத்தி சொல்ல மாட்டார்கள். கறாராகப் பார்த்தால் இதைச் சிகிச்சை என்று சொல்ல முடியாது, ஒருவருக்கொருவர் கைகொடுப்பதுதான். உன் தாளில் "ஆதரவுக் குழு" என்றிருப்பது ஏறக்குறைய இந்த ஜாதி. குடிகாரர் குடும்பத்தாருக்கென்று அல்-அனான் என்று தனியாக இருக்கிறது, என் மனைவி அதற்குப் போனாள். என் குடியை நிறுத்தியது அந்தப் பின்கூடம்தான். ஆனால் அந்தப் பையன் இரவில் வருவதை அதனால் நிறுத்த முடியவில்லை.

இரண்டாவதுதான் நான் உனக்குச் சொல்ல வந்தது. மருத்துவமனை ஒன்றில் ஓர் உளவியலாளர் நடத்தினார். நாங்கள் எட்டுப் பேர், வாரம் ஒருமுறை ஒன்றரை மணி நேரம், பன்னிரண்டு வாரம். இதை மூடிய குழு என்பார்கள். ஆரம்பித்த பிறகு புதிதாக ஒருவரையும் சேர்ப்பதில்லை. சேர்க்கும் முன் ஒவ்வொருவரையும் தனியாகக் கூப்பிட்டு அரை மணி நேரம் பேசினார். குழுவில் உட்கார உனக்குத் தெம்பு இருக்கிறதா, உன்னால் மற்றவர்களுக்குச் சிரமம் வருமா என்று பார்ப்பதற்காம். பஸ் உரிமம் வாங்கும்போதுகூட என்னை அவ்வளவு கேள்வி கேட்கவில்லை.

முதல் சில வாரம் பள்ளிக்கூடம் மாதிரி. பயந்தால் உடம்பு ஏன் நடுங்குகிறது, மூச்சை எப்படி இழுத்து விடுவது, "என்னால்தான் எல்லாம்" என்று மனம் சொல்லும்போது அதைத் தாளில் எழுதி எதிர்வாதம் செய்வது எப்படி. வீட்டுப்பாடமும் உண்டு. எனக்கு வந்த பாடம், ஒரு வாரம் பஸ் நிலையத்துக்கு எதிர்ப்பக்கம் நின்று பார்க்க வேண்டும். அடுத்த வாரம் ஒரு பஸ்ஸில் பயணியாக ஏறி இரண்டு நிறுத்தம் போக வேண்டும். இதை அறிவுசார் நடத்தைச் சிகிச்சை என்கிறார்கள். பெயர்தான் பெரிது, வேலை சின்னச் சின்னதாகத்தான் நடக்கும்.

ஐந்து வாரம் நான் வாயே திறக்கவில்லை. அறுபது பேரை ஏற்றிக்கொண்டு போனவனுக்கு எட்டுப் பேர் முன்னால் நாக்கு எழவில்லை. யாரும் கட்டாயப்படுத்தவில்லை. அது 2008இன் தொடக்கம். நாடு முழுவதும் மின்வெட்டு ஆரம்பித்திருந்த நேரம், உனக்கு நினைவிருக்காது. ஆறாவது வாரம் பாதியில் விளக்கு போய்விட்டது. நிறுத்திவிடலாமா என்று உளவியலாளர் கேட்டார். இருக்கட்டும் என்று யாரோ சொன்னார்கள். அந்த இருட்டில் ஒருவர் பேசினார்.

அவர் என்ன சொன்னார் என்று எழுதமாட்டேன். அவர் ஆணா பெண்ணா, என்ன நடந்தது, எதுவும் சொல்லமாட்டேன். இத்தனை வருடத்தில் என் மனைவிக்கும் சொன்னதில்லை. கோயிலுக்குச் செய்தி போய்விடாதா என்று கேட்டாயே, அதற்கு என்னால் கொடுக்க முடிந்த பதில் இதுதான். என் பங்கை மட்டும் சொல்கிறேன். அவர் பேச்சில் ஒரு வாக்கியம் வந்தது. அது என் தலைக்குள் மட்டும் ஓடுகிற வாக்கியம் என்று இரண்டு வருடமாக நினைத்திருந்தேன். வார்த்தை மாறாமல் அதே வாக்கியம். பிறகு நானும் பேசினேன். பேசிக்கொண்டிருக்கும்போதே விளக்கு வந்துவிட்டது. எல்லோரும் அவரவர் செருப்பைப் பார்த்துக்கொண்டிருந்தோம். மூக்கைச் சிந்தத் தாள் தேடினால் பெட்டி காலி. கடைசியில் பிஸ்கட் தட்டுக்கு அடியில் விரித்திருந்த தாளைக் கிழித்துப் பங்கு போட்டுக்கொண்டோம்.

உன் தவறில்லை என்று மருத்துவர் நூறு தடவை சொல்லலாம். அதைச் சொல்வது அவர் தொழில் என்று மனம் தள்ளிவிடும். அதே நாற்காலியில் அதே பாரத்தோடு உட்கார்ந்திருக்கிறவர் சொன்னால் தள்ள முடியாது. இன்னொன்றும் உண்டு, அதை நான் எதிர்பார்க்கவே இல்லை. ஒன்பதாவது வாரம் நான் ஏதோ சொல்ல, அடுத்த வாரம் வேறொருவர் வந்து, "நீங்கள் சொன்னதை நினைத்துக்கொண்டுதான் இந்த வாரம் தூங்கினேன்" என்றார். இரண்டு வருடமாக எல்லோருக்கும் பாரமாக இருந்தவன் நான். அன்றைக்கு வீட்டுக்குப் போய் இரண்டு தட்டு சாப்பிட்டேன். தனியாக மருத்துவரிடம் போனால் வாங்கிக்கொள்ளத்தான் முடியும், கொடுக்க ஆள் இல்லை.

மூன்றாவது குழு சில வருடம் கழித்து. உன் தாளில் "உறவுமுறை" என்றிருப்பது இந்த வகையாக இருக்கலாம், கேட்டுப் பார். பாடம் இல்லை, தலைப்பு இல்லை, இத்தனை வாரம் என்ற கணக்கும் இல்லை. ஒருவர் விலகினால் இன்னொருவர் வருவார். அறைக்குள் இருப்பவர்களுக்கு இடையில் என்ன நடக்கிறதோ அதுவே பாடம். ஒருநாள் ஓர் அம்மாள் என்னைப் பார்த்து, "யார் பேசினாலும் நீங்கள் உடனே வழி சொல்லிவிடுகிறீர்கள், முகத்தில் கதவைச் சாத்துவதுபோல இருக்கிறது" என்றார். இரண்டு வாரம் கோபம் ஆறவில்லை. வீட்டில் வந்து சொன்னேன். என் மனைவி சிரித்துவிட்டு, "முப்பது வருடமாக நான் சொல்லவில்லையா?" என்றாள். நல்ல குழுதான், ஆனால் புண் ஆறாதபோது போகிற இடம் இல்லை. உனக்கு இப்போது அது வேண்டாம் என்பது என் எண்ணம். (பார், மறுபடியும் வழி சொல்கிறேன்.)

நடித்துக் காட்டுகிற வகை ஒன்றும் இருக்கிறது. வியன்னாவில் மொரேனோ என்ற மருத்துவர் ஆரம்பித்தது. காலி நாற்காலியில் போனவர் உட்கார்ந்திருப்பதாக நினைத்து அவரிடம் பேசச் சொல்வார்கள். நான் அதில் சேர்ந்ததில்லை. கேள்விப்பட்டபோது அப்பா ஞாபகம்தான் வந்தது. அவர் நகராட்சியின் இந்தியத் தொழிலாளர் குடியிருப்பான மாகசின் பாரக்ஸில் இருந்த காலத்தில் தெருக்கூத்து ஆடியவர். இங்கே அதை ஆறடி நடனம் என்கிறார்கள். நிறவெறி அரசு சாட்ஸ்வொர்த்துக்கு எங்களைத் தூக்கி எறிந்த பிறகு அவர் சரியாகப் பேசியதே இல்லை. வேஷம் கட்டினால் மட்டும் அழுவார்.

வெருலம் தம்பி சொன்னதை நான் தள்ளவில்லை. நானும் பஜனைக்குப் போகிறவன்தான். அங்கே பாடுகிறோம், பக்கத்தில் பாடுகிறவருக்கு என்ன கஷ்டம் என்று கேட்பதில்லை. கேட்கவும் கூடாது, அது கோயில். இரண்டுக்கும் போகலாம்.

ஒரு பழைய கதை. என் பாட்டியின் தங்கை காசநோய் வந்து நியூலாண்ட்ஸ் பக்கம் காசநோயாளிகளுக்கான ஃபோசா குடியிருப்பில் இருந்தவர். அங்கிருந்த மற்ற பெண்கள்தான் தன்னைப் பிழைக்க வைத்தார்கள், மருந்து அப்புறம்தான் என்று சாகும்வரை சொல்லிக்கொண்டிருந்தார். நாங்கள் சிரிப்போம். எங்கள் உளவியலாளர் ஒருநாள் சொன்னார், இந்தக் குழு சிகிச்சையே காசநோயில்தான் தொடங்கியதாம். 1905இல் பாஸ்டனில் ஜோசப் பிராட் என்ற மருத்துவர், சானடோரியத்துக்குப் பணம் கட்ட முடியாத ஏழை நோயாளிகளை வாரம் ஒருமுறை கூட்டி, ஓய்வு, காற்று, தினக்குறிப்பு என்று பாடம் எடுத்தார். பாடத்தைவிட, ஒருவர் தேறுவதை இன்னொருவர் பார்ப்பதுதான் அதிக வேலை செய்கிறது என்று பிறகு கண்டுகொண்டார். அன்றைக்குப் பாட்டியின் தங்கையிடம் மனதுக்குள் மன்னிப்புக் கேட்டுக்கொண்டேன்.

ஆங்கிலத்துக்குப் பயப்படாதே. அழுகை வந்தால் தமிழில் அழு, தமிழில் நாலு வார்த்தை வந்தால் வரட்டும். எங்கள் குழுவில் ஜூலு மொழியும் ஒலித்தது. பாதிப் பேருக்குப் புரியவில்லை, ஒருவரும் நிறுத்தவில்லை. சாட்ஸ்வொர்த்தில் முகம் தெரிந்துவிடும் என்றால் பைன்டவுன், வெஸ்ட்வில் பக்கம் கேட்டுப்பார். பெட்ரோல் செலவுதான். கணவர்தான் கொண்டுபோய் விடுகிறேன் என்கிறாரே, அது சின்ன விஷயமில்லை.

பதில்: செவிலி, பீட்டர்மாரிட்ஸ்பர்க்

பெரியவர் சொன்னதற்கு மேல் மனதைப் பற்றிச் சொல்ல எனக்கு எதுவும் இல்லை. மனநலப் பிரிவில் பணியாற்றுவதால் சில விவரங்கள் மட்டும்.

சகோதரி, உங்கள் தாளில் இருக்கும் "உறவுமுறை" என்பது பெரியவர் போன மூன்றாவது குழுவாக இருக்க வேண்டும் என்பதில்லை. மனிதர்களுக்கு இடையிலான உறவுச் சிகிச்சை என்று ஒன்று இருக்கிறது. அதையும் குழுவாக நடத்துவார்கள். இழப்பு, உறவில் சண்டை, வாழ்க்கையில் பெரிய மாற்றம், தனிமை என்ற நான்கில் எது உங்கள் மனச்சோர்வுக்கு வேராக இருக்கிறது என்று கண்டு அதில் வேலை செய்வது. அம்மாவின் இழப்பு ஒன்று, ஊரைவிட்டு வந்தது இன்னொன்று. இரண்டும் இந்த நான்குக்குள் அடங்குகின்றன. உகாண்டாவின் தெற்கில் 30 கிராமங்களில் இதைச் சோதித்தார்கள், முடிவுகள் 2003இல் வெளிவந்தன. உள்ளூர்க்காரர்களுக்கே பயிற்சி கொடுத்து, ஆண்களுக்குத் தனி, பெண்களுக்குத் தனி என்று வாரம் ஒன்றரை மணி நேரம், 16 வாரம் குழு நடத்தினார்கள். முடிவில் குழு நடந்த கிராமங்களில் கடும் மனச்சோர்வு 6.5 விழுக்காட்டினருக்குத்தான் மிஞ்சியது. நடக்காத கிராமங்களில் 54.7. உலக சுகாதார நிறுவனம் 2016இல் இந்த முறைக்கு ஒரு கையேடே வெளியிட்டது. ஆகவே குழு என்பது தனிச் சிகிச்சை கிடைக்காதவர்களுக்குத் தள்ளிவிடும் மிச்சம் என்று நினைக்காதீர்கள்.

பக்கத்து ஜிம்பாப்வேயில் 2006இலிருந்து நடக்கும் நட்பு பெஞ்சு பற்றியும் கேள்விப்பட்டிருப்பீர்கள். பயிற்சி பெற்ற பாட்டிமார்கள் மர பெஞ்சில் உட்கார்ந்து தனித்தனியாகப் பேசுவார்கள். பிறகு அப்படிப் பேசியவர்களெல்லாம் ஒரு குழுவாகக் கூடிப் பை பின்னுவார்கள். கை வேலையில் இருந்தால் வாய் தானாகத் திறக்கும் என்பது நம் வீட்டுத் திண்ணைகளுக்கும் தெரிந்ததுதான்.

"திறன் பயிற்சி" என்றால் கொந்தளிப்பை எப்படித் தாங்குவது, உணர்ச்சியை எப்படிக் கையாள்வது, வேண்டாம் என்று எப்படிச் சொல்வது என்று பாடமாகவே கற்றுக்கொடுப்பது. மார்ஷா லினஹன் என்ற அமெரிக்க உளவியலாளர் உருவாக்கிய முறையில் இது ஒரு பெரிய பகுதி.

துக்கம் இத்தனை வருடம் நீடிப்பது உங்கள் பலவீனம் அல்ல. 2022இல் நடைமுறைக்கு வந்த உலக சுகாதார நிறுவனத்தின் நோய் வகைப்பாட்டில் நீடித்த துக்கத்துக்கு என்றே தனிப் பெயர் இருக்கிறது. உங்களுக்கு இருப்பது அதுதான் என்று நான் இங்கிருந்து சொல்ல முடியாது, மருத்துவரிடம் கேளுங்கள்.

குழுவில் சேர்ந்தாலும் மாத்திரையை நீங்களாக நிறுத்தாதீர்கள். உயிரை விட்டுவிடலாம் என்ற எண்ணம் வந்தால் குழு நாளுக்காகக் காத்திருக்காமல் உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும், அல்லது 0800 567 567 என்ற இலவச எண்ணை அழைக்க வேண்டும். அது 1994இல் தொடங்கிய தென்னாப்பிரிக்க மனச்சோர்வு மற்றும் பதற்றக் குழுவின் எண். நாடெங்கும் இலவச ஆதரவுக் குழுக்களுக்கும் அவர்களிடமே விசாரிக்கலாம்.

பதில்: கரும்புக்காட்டான், டோங்காட்

எல்லோரும் நல்லதே சொல்கிறீர்கள். என் கதையையும் கேளுங்கள்.

விவாகரத்து ஆன வருடம் நானும் ஒரு குழுவுக்குப் போனேன். நடத்தியவர் ஏதோ வாரக்கடைசிப் பயிற்சி முடித்தவர் என்று பிறகுதான் தெரிந்தது. வட்டமாக உட்கார்ந்ததும் ஒருவர் பேச ஆரம்பித்தார், நாற்பது நிமிடம் நிறுத்தவில்லை, இவரும் நிறுத்தச் சொல்லவில்லை. என் முறை வந்தபோது ஆளுக்கொரு புத்திமதி. ஒருவர் மனைவியை மன்னித்துவிடு என்கிறார், இன்னொருவர் வழக்கறிஞர் பெயர் தருகிறார், மூன்றாமவர் தன் சபைக்கு வரச் சொல்கிறார். இரண்டு வாரத்தில் ஒரு கல்யாண வீட்டில், பந்தியில் எனக்குப் பக்கத்து இலையில் இருந்தவர் என் விவகாரத்தை எனக்கே சொன்னார். சாம்பார் ஊற்றுகிறவர் நின்று கேட்டார். அதோடு விட்டுவிட்டேன். தனியாக ஓர் ஆலோசகரைப் பார்த்துத்தான் தேறினேன்.

குழுவே கூடாது என்று சொல்லவில்லை. யார் நடத்துகிறார் என்று பார்க்காமல் உட்காராதீர்கள், அவ்வளவுதான்.

பதில்: செவிலி, பீட்டர்மாரிட்ஸ்பர்க்

டோங்காட் நண்பருக்கு நடந்தது நடக்கிறதுதான். நடத்துபவர் உளவியலாளர் என்றால் சுகாதாரத் தொழில் மன்றத்தில் பதிவு எண் இருக்கும், சமூகப் பணியாளர் என்றால் அவர்களுக்குத் தனி மன்றம். எண்ணைக் கேட்டால் நல்லவர்கள் கோபித்துக்கொள்ள மாட்டார்கள். பயிற்சி பெற்றவரும்கூட, வெளியே பேசமாட்டேன் என்று தன் வாய்க்குத்தான் உறுதி கொடுக்க முடியும். மற்றவர்கள் வாய்க்கு அவரால் பூட்டுப் போட முடியாது, வாக்குறுதிதான் வாங்க முடியும். அதனால் முதல் நாளே எல்லாவற்றையும் கொட்ட வேண்டியதில்லை.

பதில்: பழைய ஸ்டியரிங்

தம்பி, அந்தச் சாம்பார்க்காரரை நினைத்தால் எனக்கே கோபம் வருகிறது. நீங்கள் விட்டுவிட்டு வந்தது சரி. பிரேக் இல்லாத பஸ்ஸில் ஏறிவிட்டால் அடுத்த நிறுத்தத்தில் இறங்குவதுதான் புத்தி.

மகளே, போய்விட்டு வந்து எழுது. எழுத மனமில்லை என்றால் எழுதாதே.

கேட்டவர்: மதுரைக்காரி, சாட்ஸ்வொர்த் (ஐந்து வாரம் கழித்து)

எல்லோருக்கும் நன்றி. ஐயா, உங்கள் பதிலைக் கணவரிடம் படித்துக் காட்டினேன். பிஸ்கட் தட்டுத் தாள் வந்த இடத்தில் அவர் எழுந்து கார் கழுவப் போய்விட்டார்.

இழப்புக்கு மட்டுமான குழு ஒன்று கிடைத்தது. மூடிய குழு, பத்து வாரம். வீட்டிலிருந்து காரில் அரை மணி நேரம். நடத்துபவரிடம் பதிவு எண் கேட்டேன். கேட்கும்போது கை நடுங்கியது. அவர் சிரித்துக்கொண்டே எழுதிக் கொடுத்தார், "இதுவரை இரண்டு பேர்தான் கேட்டிருக்கிறார்கள்" என்றார். மூன்று வாரம் போய்விட்டேன்.

முதல் வாரம் கதவுப் பக்கத்து நாற்காலியில் கைப்பையை மடியில் வைத்துக்கொண்டே உட்கார்ந்திருந்தேன். என் பெயரை மட்டும் சொன்னேன். தெரிந்த முகம் ஒன்றுகூட இல்லை. இரண்டாவது வாரம் ஒருவர் தனக்கு நடந்ததைச் சொன்னார். ஐயா, நீங்கள் சொல்லாததுபோல் நானும் சொல்லமாட்டேன். எல்லோருக்கும் தெரிந்ததை மட்டும் சொல்கிறேன். ஊரடங்கில் இந்த நாட்டில் அடக்கத்துக்கு ஐம்பது பேருக்கு மேல் கூடாது என்று சட்டம் இருந்தது, அடக்கத்துக்கு முந்தைய இரவு விழிப்புக்குத் தடை. யார் உள்ளே, யார் வெளியே என்று வீட்டுக்குள்ளேயே எண்ணிப் பிரித்தார்கள். நான் மட்டும்தான் அம்மாவைக் கைப்பேசிக் கண்ணாடிக்குள் அனுப்பிவைத்தவள் என்று இத்தனை நாள் நினைத்திருந்தேன்.

மூன்றாவது வாரம் பேசினேன். ஆங்கிலத்தில்தான் ஆரம்பித்தேன். பால் பொங்கியதைச் சொல்ல வந்தபோது "பொங்கி" என்ற வார்த்தைக்கு ஆங்கிலம் நினைவுக்கு வரவில்லை. தமிழிலேயே சொல்லிவிட்டு நிறுத்திக்கொண்டேன். பக்கத்தில் இருந்தவர் அந்த வார்த்தையை அப்படியே திருப்பிச் சொன்னார், தப்பான உச்சரிப்பில். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்துக்கொண்டே அழுதேன்.

தூக்கம் நான்கு மணி நேரம் ஆகியிருக்கிறது. இரண்டு நாள் மூன்றுதான். மாத்திரை தொடர்கிறது. மாமியாரிடம் இன்னும் சொல்லவில்லை, ஆனால் செவ்வாய்க்கிழமை சாயங்காலம் சமையலைத் தானாகவே பார்த்துக்கொள்கிறார். தெரிந்துவிட்டதோ என்னவோ.

அடுத்த வாரம் எல்லோரும் போனவருடைய ஒரு பொருளைக் கொண்டுவர வேண்டுமாம். ரசப்பொடி டப்பாவை எடுத்துப் பைக்குள் வைத்திருக்கிறேன். செவிலி அக்கா, ஒரு சந்தேகம். அங்கே போய் அதைத் திறந்து காட்ட வேண்டுமா, மூடியபடியே கொண்டுபோனால் போதுமா?

பதில்: செவிலி, பீட்டர்மாரிட்ஸ்பர்க்

மூடியபடியே கொண்டுபோங்கள். திறக்கச் சொல்லி யாரும் கேட்கமாட்டார்கள்.